விலை குறைந்த எம்டிபி (மலைப்பாதை) சைக்கிளில் ஹப் மோட்டார், அதாவது சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் மோட்டார் போட வேண்டும்: முன் சக்கரமா, பின் சக்கரமா?

பின் சக்கரம்தான். முன்பக்கம் மாட்டுவது சுலபம், ஆனால் இந்த விலையில் வரும், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க் மோட்டாரின் முறுக்கைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. அச்சு சுழன்று நழுவினால் ஒயர் அறுந்து சக்கரமே கழன்றுவிடலாம். பின்பக்கம் போட்டாலும் அச்சு சுழலாமல் பிடிக்கும் டார்க் ஆர்ம் என்ற இரும்புப் பட்டையைக் கட்டாயம் பொருத்துங்கள். அலுமினிய ஃபிரேம் என்றால் இரண்டு பக்கமும்.

மோட்டார் கிட் வாங்கும் முன் பின் சக்கரம் உட்காரும் இடத்தின் உள் அகலத்தை அளந்துகொள்ளுங்கள், பெரும்பாலும் 135 மி.மீ. இருக்கும். மலிவு சைக்கிள்களில் 7 கியர் திருகு ஃப்ரீவீல் (பின் சக்கரத்தில் திருகி மாட்டும் பல்சக்கர அடுக்கு)தான் அதிகம். அதையே கழற்றி, அதற்கேற்ற மோட்டாரில் திருகிவிடலாம்.

கஞ்சத்தனத்தை பேட்டரியில் மட்டும் காட்டாதீர்கள். 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் என்றால் 360 வாட்-அவர். கூடவே மிதித்தால் சமதரையில் சுமார் 30 கி.மீ. வரும், த்ராட்டிலை மட்டும் முறுக்கினால் சீக்கிரம் தீரும். செல்களைக் காக்கும் பிஎம்எஸ் இல்லாத பேட்டரி எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள்.

அப்புறம், இந்தியாவில் 250 வாட், மணிக்கு 25 கி.மீ. தாண்டினால் அது மோட்டார் வாகனக் கணக்கு. 1000 வாட் கிட் மேல் ஆசை வந்தால், முதலில் உங்கள் பிரேக்கை ஒருமுறை பாருங்கள்.