சட்டமும் வேலைத்தலமும்: ‘மேஸ்திரியிடம் விட்டுவிட்டேன்’ என்றால் போதுமா?

இம்மாதம் மலையிலிருந்து வந்த கடிதங்களில் நான்கை எடுத்துக்கொள்கிறேன். எழுதிய நால்வரும் வேலையளிப்பவர்கள்.

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் எனக்கு 3 ஏக்கர் தேயிலை இருக்கிறது. கொழுந்து பறிக்க மேஸ்திரி ஒருவர் ஆள் அழைத்து வருகிறார். கூலியை அவரிடம்தான் கொடுக்கிறேன். சென்ற மாதம் காலை ஏழு மணிக்குச் சோலை ஓரத்தில் பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவைக் காட்டெருமை முட்டி, தொடை எலும்பு முறிந்துவிட்டது. அந்தப் பக்கம் போகவேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் 20,000 ரூபாய் கொடுத்து, இனிக் கோரிக்கை எதுவும் இல்லை என்று எழுதி வாங்கிவிட்டேன். சிறு விவசாயியான என்னைத் தொழிலாளர் சட்டம் கட்டுப்படுத்துமா?

பதில்: தோட்டத் தொழிலாளர்களுக்கான 1951 ஆம் ஆண்டுச் சட்டம் 5 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 12 ஏக்கருக்கு, குறைந்த தோட்டங்களைத் தொடவில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த, பணியிடப் பாதுகாப்பு பற்றிய புதிய தொகுப்புச் சட்டமும் தோட்டத்துக்கு அதே 5 ஹெக்டேர் அளவைத்தான் வைத்திருக்கிறது. ‘நமக்குச் சட்டம் இல்லை’ என்று சிறு விவசாயிகள் சொல்லிக்கொள்வது இதை வைத்துத்தான். ஆனால் அந்த வரம்பு குடியிருப்பு, மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம் போன்ற வசதிகளைப் பற்றியது. விபத்து இழப்பீடு தனிச் சட்டம். 1923 முதல் இருந்துவந்து, இப்போது சமூகப் பாதுகாப்பு என்ற இன்னொரு தொகுப்புச் சட்டத்தின் ஓர் அத்தியாயமாகியிருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர் அதன் பட்டியலில் இருக்கிறார். அங்கே ஹெக்டேர் கணக்கு இல்லை.

மேஸ்திரி வழியாக ஆள் வந்தார் என்பதும் உங்களைக் காப்பாற்றாது. உங்கள் தொழிலின் வழக்கமான வேலையை இன்னொருவர் மூலம் செய்வித்தாலும், காயமடைந்தவர் உங்களிடமே இழப்பீடு கேட்கலாம்; கொடுத்த தொகையை மேஸ்திரியிடமிருந்து திரும்பப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. கொழுந்து பறிப்பதைவிட வழக்கமான வேலை தேயிலைத் தோட்டத்தில் வேறு இல்லை. நிழல் மரமான சில்வர் ஓக்கின் கிளை கழிக்க வருகிறவருக்கும் இது பொருந்தும்.

காட்டு விலங்கின் தாக்குதலுக்கும் வேலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் உண்டு. ஊரில் எவருக்கும் நேரக்கூடிய ஆபத்தா, அல்லது வேலை அவரைக் கொண்டுபோய் நிறுத்திய இடத்தால் கூடுதலாக நேர்ந்த ஆபத்தா என்பதையே நீதிமன்றங்கள் பார்க்கின்றன. மூடுபனி விலகாத காலையில், சோலையை ஒட்டிய வரிசையில், முதுகில் கூடையோடு குனிந்து நிற்பவருக்கு அந்த ஆபத்து வேலையால் வந்ததுதான். வனத்துறை நிவாரணம் தந்தாலும் அது உங்கள் பொறுப்பைத் தீர்க்காது. ‘போகவேண்டாம் என்று சொன்னேன்’ என்பதைப் பொறுத்தவரை, பாதுகாப்புக்காகத் தெளிவாக இட்ட கட்டளையை ஒருவர் வேண்டுமென்றே மீறினால் சில காயங்களுக்கு வேலையளிப்பவருக்கு விலக்கு உண்டு. மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அந்த விலக்கு கிடையாது. உங்கள் நிலையில் இன்னொரு கேள்வியும் எழும்: அந்த ஓரத்துக் கொழுந்தும் அன்று உங்கள் எடைக்கணக்கில் சேர்ந்ததா? சேர்ந்திருந்தால், நீங்கள் இட்டது கட்டளை என்று எவரையும் நம்பவைப்பது கடினம்.

எழுதி வாங்கிய தாளைப் பற்றி வருத்தத்தோடுதான் சொல்கிறேன், அதற்குச் சட்டத்தில் மதிப்பில்லை. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. அதோடு, பெண் தொழிலாளருக்கு உரிய மொத்தத் தொகையை இழப்பீட்டுக்கென அரசு நியமித்த அதிகாரியிடம் செலுத்தி அவர் வழியாகத்தான் கொடுக்கவேண்டும். பெரியவர்கள் நல்லெண்ணத்தில் செய்திருப்பார்கள்; ஆனால் அந்த அம்மாள் நாளை அந்த அதிகாரியிடம் மனுச் செய்தால் தாள் அதைத் தடுக்காது. சிகிச்சையின் உண்மைச் செலவு முழுவதும் உங்களுடையது. வேலைக்கு வரமுடியாத காலத்துக்கு, அரை மாதத்துக்கு ஒருமுறை மாத ஊதியத்தில் 25 விழுக்காடு தரவேண்டும். ஊதியம் 12,000 என்றால் 3,000 ரூபாய். கால் நிரந்தரமாகத் தாங்கித் தாங்கி நடக்கும்படி ஆகிவிட்டால், சம்பாதிக்கும் திறனில் எத்தனை விழுக்காடு குறைந்தது என்று மருத்துவர் மதிப்பிட்டு, அதற்கேற்ற தொகை தனியாக வரும். இறப்பு நேர்ந்தால் எவ்வளவு என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்: மாத ஊதியத்தில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்குவார்கள். 40 வயதுக்குக் காரணி 184.17, எனவே 12,000 ஊதியத்துக்கு 11,05,020 ரூபாய். 3 ஏக்கர் தோட்டம் தாங்கும் தொகையா இது? இதற்கான காப்பீட்டை இந்த ஆண்டே எடுத்துவிடுங்கள்.

இனிமேல் பனி விலகிய பிறகே பறிப்பைத் தொடங்கச் சொல்லுங்கள். ஆட்கள் இறங்குமுன் ஒருவர் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கட்டும். காட்டெருமை நின்றால் அன்று அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். கல்லெறிந்து விரட்டுவது ஆபத்து என்பதோடு, அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்பதையும் மறக்கவேண்டாம்.

கேள்வி: கொடைக்கானல் ஏழு ரோடு அருகே சாக்லேட் கடை வைத்திருக்கிறேன். விற்பனைப் பெண்கள் ஆளில்லாத நேரத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். வாடிக்கையாளருக்கு அது மரியாதைக் குறைவாகத் தெரியாதா?

பதில்: தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021 இல் திருத்தப்பட்டு, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை தரவேண்டும் என்பது கட்டாயமாகிவிட்டது. நாள் முழுதும் அவர்கள் நின்றபடியே வேலை செய்யும் நிலை இருக்கக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம். எனவே அவர்கள் உட்கார்வது தவறல்ல. இருக்கை இல்லாவிட்டால் தவறு உங்களுடையது. மேலும், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்குழுவும் வேண்டும். கடையில் அது இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உதகையில் விருந்தினர் விடுதி நடத்துகிறேன். பின்புற மேட்டில் தடுப்புச் சுவர் எழுப்ப மேஸ்திரியிடம் ஒப்பந்தம் விட்டிருக்கிறேன். ‘விபத்து நேர்ந்தால் முழுப் பொறுப்பும் மேஸ்திரியுடையது’ என்று 20 ரூபாய் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். இது போதுமா?

பதில்: சுவர் கட்டுவது விடுதித் தொழிலின் வழக்கமான பகுதி அல்ல என்பதால், இழப்பீட்டு வழக்கில் உங்களுக்கு வாதம் ஒன்று இருக்கிறது; அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றத்துக்கு, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106 ஆவது பிரிவின்கீழ் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. அந்த விசாரணையில் முத்திரைத்தாள் கேடயமாகாது. சொல்லப்போனால், ஆபத்து இருப்பதை நீங்கள் முன்கூட்டியே அறிந்திருந்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சியாகலாம்.

2024 பிப்ரவரியில் உதகையை அடுத்த லவ்டேலில் கட்டுமானத்துக்கான மண் வேலை நடந்த இடத்தில் மேலிருந்த கட்டடம் சரிந்து ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். மலையில் வெட்டப்பட்ட மண்முகம் காலையில் உறுதியாக நிற்கும். மாலைக்குள் ஊற்றுநீர் கசிந்தோ, மேலிருக்கும் சுவரின் கனம் தாங்காமலோ, எச்சரிக்கை எதுவுமின்றி இறங்கிவிடும். மண்ணில் புதைந்தவர் மூச்சுவிட முடியாமல் சில நிமிடங்களிலேயே இறந்துவிடுவார். ஓடிவந்து தோண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே உங்கள் கவனம் முழுவதும் மண் வெட்டப்படும் முறையில் இருக்கவேண்டும்.

மத்தியப் பொதுப்பணித் துறையின் பாதுகாப்பு விதிகளை மேஸ்திரியிடம் காட்டுங்கள். ஒன்றரை மீட்டர், அதாவது ஐந்தடி ஆழத்தை எட்டும் பள்ளத்தின் பக்கங்களைப் படிப்படியாகச் சரிவாக வெட்டவேண்டும், அல்லது பலகையும் மரச்சட்டமும் கொடுத்துத் தாங்கவேண்டும். எடுத்த மண்ணைப் பள்ளத்தின் விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டர், அல்லது ஆழத்தில் பாதி, இவற்றில் எது கூடுதலோ அந்தத் தூரத்துக்கு அப்பால் கொட்டவேண்டும். 1.2 மீட்டரோ அதற்கு மேலோ ஆழமான பள்ளத்தில் ஏணி இருக்கவேண்டும். எக்காரணத்துக்காகவும் அடியில் குடைந்து மேல்மண்ணைத் தொங்கவிடக்கூடாது. இந்தக் கடைசி விதியைத்தான் நம் ஊரில் நாள்தோறும் மீறுகிறார்கள். மண் தானாக விழுந்தால் கூலி மிச்சம் என்று நினைக்கிறார்கள்.

முழு நீளத்தையும் ஒரே மூச்சில் வெட்டாமல், சிறு சிறு துண்டாக, ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டிச் சுவரை எழுப்பிவிட்டு அடுத்த துண்டுக்குப் போகச் சொல்லுங்கள். நாள் கூடும், செலவும் கூடும். மேட்டின்மேல் கழிப்பறைத் தொட்டியோ பழைய சுவரோ இருந்தால் பொறியாளர் பார்க்காமல் கடப்பாரை விழக்கூடாது. ஜூன் முதல் டிசம்பர் வரை, இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு என்பதால், இந்த வேலையைத் தள்ளிவையுங்கள். பொக்லைன் இறக்குவதற்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி: குன்னூர் அருகே 20 ஹெக்டேர் எஸ்டேட்டின் மேலாளர் நான். மருந்து அடிப்பவர்களுக்குக் கையுறை, கண்ணாடி, முகமூடி எல்லாம் வாங்கிக் கொடுத்தும் அவர்கள் அணிவதில்லை. கொடுத்ததற்குக் கையெழுத்து இருக்கிறது. என் கடமை முடிந்ததா?

பதில்: முடியவில்லை. 1951 ஆம் ஆண்டுத் தோட்டச் சட்டத்தில் 2010 இல் சேர்க்கப்பட்ட பாதுகாப்பு அத்தியாயம், பாதுகாப்பு உடை தருவதோடு நிற்கவில்லை; கலப்பவருக்கும் தெளிப்பவருக்கும் பயிற்சி, குறித்த காலத்தில் மருத்துவப் பரிசோதனை, ஒவ்வொருவருக்கும் உடல்நலப் பதிவேடு, கழுவவும் குளிக்கவும் இடம், தகுதியுள்ள மேற்பார்வையாளர் ஆகிய அனைத்தையும் கேட்டது.

அணிய மறுப்பதன் காரணத்தைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. ஏறிய சரிவில் மூச்சு வாங்கும்போது கண்ணாடியில் ஆவி படிந்து கால்வைக்கும் இடம் தெரியாது. அவர்கள் அதைக் கழற்றுவது விழாமல் இருப்பதற்காகத்தான். ஆவி படியாத கண்ணாடி கிடைக்கிறது, வாங்குங்கள். முதுகில் சுமக்கும் தெளிப்பானின் மூடி கசிந்து சட்டை நனைகிறதா என்று நீங்களே ஒருநாள் தோளில் மாட்டிப் பாருங்கள். டப்பாவில் உள்ள முக்கோணத்தின் நிறத்தை எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள்; சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. களைக்கொல்லியான பாராகுவாட் மஞ்சளைச் சேர்ந்தது. விழுங்கினால் அதற்கு மாற்று மருந்தே இல்லை. அதைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைத்த எவரையும் அன்றே வேலையிலிருந்து மாற்றுங்கள்.

குளிக்கும் இடம் கட்டியிருப்பீர்கள். மாலை நான்கு மணிக்கு அங்கே பச்சைத் தண்ணீர்தான் வருகிறதென்றால், டிசம்பர் குளிரில் எவரும் குளிக்கமாட்டார்கள். மருந்து படிந்த உடையோடு தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் போய்க் குழந்தையைத் தூக்குவார்கள். முதலில் வெந்நீருக்கு ஏற்பாடு செய்யுங்கள்.