கேள்வி நேரம்: காணாமல்போன எச்6

கேள்வி: 'ஒவ்வொரு மாணவரும் ஒரு புத்தகம் படித்தார்' என்று பொருள்படும் ஆங்கில வாக்கியத்தை டெர்மினலில் வாக்கிய அமைப்பைப் பிரித்துக் காட்டும் ஏஸ் பார்சருக்குக் கொடுத்தேன், இலக்கணம் ஆங்கிலத்துக்கான இஆர்ஜி. வந்த எம்ஆர்எஸ்ஸில், அதாவது வாக்கியத்தின் பொருளைக் குறிக்கும் வெளியீட்டில், 'எவ்ரி'க்கு (ஒவ்வொரு) உரிய வரி 'பாடி: எச்6' என்று முடிகிறது. அந்த எச்6 வேறெங்கும் இல்லை. வெளியீடு பாதியில் அறுந்துவிட்டதா? இலக்கணக் கோப்பை இருமுறை மறுபடி இறக்கியும் அதேதான்.

பதில்: மூன்றாம் முறை இறக்காதீர்கள். 'விடுபட்ட வரியை' மீட்கிறேன் பேர்வழி என்று ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்து ஒரு மாலையைத் தொலைத்தவன் நான்.

வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். ஆளுக்கொரு புத்தகமா, எல்லாரும் ஒரே புத்தகமா? வாக்கியமே சொல்லாததைப் பார்சர் எப்படிச் சொல்லும்? பாடி என்பது 'எவ்ரி'யின் வீச்சுக்குள் எது அடங்கும் என்பதற்கான இடம்; அங்கே நிற்கும் எச்6 வேண்டுமென்றே காலியாக விட்டது. அதற்குள் 'எ' (ஒரு) புகுந்தால் ஆளுக்கொன்று. 'எ'யின் பாடிக்குள் 'எவ்ரி' புகுந்தால் எல்லாருக்கும் ஒன்று. கடைசியில் எது எதற்குள் அடங்க வேண்டும் என்று கட்டுப்படுத்தும் எச்கான்ஸ் பட்டியலைப் பாருங்கள். 'எவ்ரி' யாரைப் பற்றியது என்று சொல்லும் ஆர்எஸ்டிஆர் இடத்தை 'மாணவர்' என்ற சொல்லோடு க்யூஇக்யூ என்ற முடிச்சு கட்டியிருக்கும். பாடிக்கு மட்டும் முடிச்சு கிடையாது.

இப்படி 'எவ்ரி', 'எ' போன்ற அளவைச்சொற்கள் ஐந்து வந்தால், அவற்றை 120 வரிசைகளில் அடுக்கலாம். அத்தனையையும் அச்சடித்தால் யார் படிப்பது? எம்ஆர்எஸ்ஸை விளக்கி கோப்ஸ்டேக், ஃபிளிக்கிங்கர், போலார்ட், சாக் நால்வரும் 2005-இல் எழுதிய கட்டுரை இதைத்தான் பேசுகிறது. மொழிபெயர்ப்புக்கு இந்தச் சந்தேகம் தீரவே வேண்டாம். மேலே உங்கள் தமிழ் வாக்கியமும் அதே இரட்டைப் பொருளோடுதானே நிற்கிறது?

தர்க்க முடிவுகளைத் தானே நிறுவும் நிரலான தேற்ற நிரூபிக்கு முதல்நிலைத் தர்க்கமாகக் கொடுக்க வேண்டுமென்றால் மட்டும் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். எம்ஆர்எஸ்ஸைக் கையாளும் பைத்தான் கருவியான பைடெல்ஃபினின் கன்வெர்ட் கட்டளையால் ப்ரோலாக் வடிவுக்கு மாற்றி, காலியிடங்களை நிரப்பும் கருவியான யூடூலிடம் கொடுங்கள்; சாத்தியமான பொருள்களை வரிசையாகக் கக்கும். ஏஸுக்கு '-1' கொடுத்தால் இது தீராது. பல பாகுபடுத்தல்களில் முதலாவதை மட்டும் எடுக்கச் சொல்வது அது. இந்தக் குழப்பமோ அந்த ஒன்றுக்குள்ளேயே இருக்கிறது.

கேள்வி: ஏஸைப் புதுப்பித்தேன். பதிப்பு பொருந்தவில்லை என்று பழைய இலக்கணக் கோப்பைத் தொட மறுக்கிறது.

பதில்: மறுக்கத்தான் செய்யும். அந்த டாட் (.dat) இலக்கணக் கோப்பு எந்தப் பதிப்பு ஏஸால் தொகுக்கப்பட்டதோ, அதோடுதான் ஓடும். பொருத்தமானதை இறக்குங்கள், அல்லது இஆர்ஜி மூலத்தை எடுத்து, ஏஸ் கட்டளையில் சின்ன 'ஜி'க்கு (-g) கான்ஃபிக் கோப்பையும் பெரிய 'ஜி'க்குப் (-G) புதுக் கோப்பின் பெயரையும் கொடுத்து நீங்களே தொகுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: வரிக்கு ஒரு வாக்கியம்தான். பத்தியை ஒரே வரியாக அனுப்பினால் அதை ஒற்றை வாக்கியமாக எண்ணித் திணறும்.