ஊர் விலாசம் கொடுக்காதீர்கள், தங்கச்சி

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். கல்யாணமாகி ஒன்பது வருஷம், கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து பதினான்கு மாதம், கையில் நிரந்தர வதிவிடம், ஊரில் ஒரு பிள்ளையைத் தத்தெடுக்க விருப்பம். குடியுரிமை கிடைத்த பிறகு பேப்பர் வேலையைத் தொடங்கலாமா, சொந்த வீடு வேணுமா, எவ்வளவு செலவாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: கல்முனையில் அம்மா ஒரு கைக்குழந்தையைப் பார்த்து வைத்திருக்கிறா, ஊர் விலாசத்தைக் கொடுத்து மட்டக்களப்புக் கோட்டிலேயே முடிக்கலாம் என்று மாமா சொல்கிறார். நீங்கள் கேள்வியாகக் கேட்காத அந்த வரிதான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

மற்றவை சுருக்கம். சொந்த வீடு தேவையில்லை, நாங்கள் இரண்டு அறை வாடகை வீட்டில் இருந்துதான் எங்கள் பிள்ளையை எடுத்தோம். குடியுரிமைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம், நிரந்தர வதிவிடக்காரரும் தத்தெடுத்த பிள்ளையை ஸ்பொன்சர் செய்யலாம். செலவு ஆளுக்கு ஆள் வேறுபடும்.

இனி அம்மாவுக்கு இன்றைக்கே போன் எடுங்கள். அந்தப் பிள்ளையின் தாயோடு இனி ஒரு வார்த்தை பேச வேண்டாம் என்று சொல்லுங்கள். வெளிநாட்டுத் தத்தெடுப்புக்கான 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை இலங்கையில் 1995 முதலும் கனடாவில் 1997 முதலும் நடைமுறையில் இருக்கிறது. சொந்தத்துக்குள் எடுப்பதைத் தவிர, எடுக்கப்போகிறவர்கள் பெற்ற தாயையோ தகப்பனையோ முன்கூட்டியே தொடர்புகொள்ளக் கூடாது என்பது அதன் 29ஆம் பிரிவு. தாயின் சம்மதம் பிள்ளை பிறந்த பிறகுதான் செல்லும், அதுவும் காசு பணம் கை மாறாமல். உங்கள் அம்மா இரக்கப்பட்டு ஒரு பால்மா பெட்டியும் பத்துக் கிலோ அரிசியும் கொடுத்திருப்பா. நாளைக்கு ஒரு அதிகாரி அதை விலை என்றுதான் வாசிப்பார்.

அதிகாரிகள் இப்படிச் சந்தேகப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. எண்பதுகளில் எங்கள் நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். பலருடைய பேப்பரில் தாயின் பெயரே பொய். நெதர்லாந்து 2021இல் விசாரணை அறிக்கைக்குப் பிறகு வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்தியபோது, அந்த அறிக்கை பெயர் சொன்ன ஐந்து நாடுகளில் இலங்கையும் ஒன்று. 1992இல் மகவேற்பு, அதாவது தத்தெடுப்புச் சட்டத்தை இறுக்கியதும் இந்த அநியாயத்தால்தான். வெளிநாட்டில் வசிப்பவருக்கு எந்தப் பிள்ளை என்பதை நன்னடத்தை சிறுவர் பராமரிப்பு சேவைகள் திணைக்களம்தான் தீர்மானிக்கும். வீட்டில் போய்ப் பார்த்துத் தெரிவு செய்வதற்கு வழியே இல்லை.

அடுத்தது மாமாவின் யோசனை. இதே யோசனையில் நாங்கள் இரண்டு வருஷத்தைத் தொலைத்தவர்கள்.

என் கூடப்பிறந்த தங்கச்சி 2000இல் நோயில் செத்தாள். அவளுடைய மகளுக்கு அப்போது பத்து வயது. தகப்பன் 1990 செப்டெம்பரில் அகதி முகாமிலிருந்து கொண்டுபோகப்பட்டவர், திரும்பவில்லை. எங்கள் மட்டக்களப்பில் தங்கச்சியின் பிள்ளை என்றால் என் பிள்ளை, தாய்வழியில் ஒரே குடி. எடுத்து வளர்க்க யாரிடம் கையெழுத்துக் கேட்டிருக்கிறோம்? அந்தப் பழக்கத்தில்தான் நாங்கள் எல்லோரும் பேப்பரில் விழுகிறோம்.

தாயும் தகப்பனும் இறந்த, பதினெட்டு வயதுக்குக் குறைந்த சகோதரரின் பிள்ளையைத் தத்தெடுக்காமலே ஸ்பொன்சர் செய்ய கனடாவில் ஒரு வழி உண்டு. எங்களுக்கு அது அடைபட்டது, தகப்பனுக்கு மரணச் சான்றிதழ் இல்லை. செங்கலடியில் இருந்த அப்பம்மாவிடம் போய்க் கேட்டோம். "என்ட புள்ள செத்துப்போனான் எண்டு நான் கையெழுத்து வைக்கமாட்டன் மகள்" என்றா. மறுகா ஒருநாளும் அதை நான் அவவிடம் கேட்கவில்லை.

சமாதானம் வந்து பாதை திறந்ததும் 2002 ஆடியில் ஊருக்குப் போனோம். இங்கே பேப்பர் நிரப்பிக் காசு வாங்கும் ஒருவர் சொல்லியிருந்தார், "உங்கட இலங்கை அடையாள அட்டை இருக்குதானே, ஊர்க்காரராகவே வழக்குப் போடுங்க" என்று. மட்டக்களப்பில் எங்கள் நாவலடி வீட்டு விலாசத்தில் போட்டோம். நீதிபதி என்னைப் பார்த்து ஒரேயொரு கேள்வி கேட்டார்: "அம்மா, நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள்?" கோட்டில் நின்று பொய் சொல்ல என்னால் முடியவில்லை. கனடா என்றேன். வழக்கு அன்றைக்கே தள்ளுபடி. அவர் செய்தது சரி. உடன்படிக்கை பார்ப்பது பாஸ்போர்ட்டை அல்ல, குடியிருக்கும் இடத்தை. அன்றைக்குக் கட்டளை கிடைத்திருந்தாலும் கனடாவில் அது செல்லாது. எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில், சோஷல் வேர்க்கர் வந்து செய்யும் வீட்டு ஆய்வும் மாகாண அனுமதியும் இல்லாமல் வெளிநாட்டில் தத்தெடுத்து முடிக்கப் புறப்படுவதே குற்றம்.

ஊருக்கு டிக்கெட் போடுவதெல்லாம் கடைசி வேலை. முதலில் வீட்டு ஆய்வுக்கு ஆள் பிடியுங்கள், பயிற்சி வகுப்பில் பெயரைப் பதியுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த சோஷல் வேர்க்கர் நாலு தரம் வந்தா. ஏன் பிள்ளை இல்லை, யாருக்குக் குறை, சண்டை வந்தால் என்ன செய்வீர்கள், ஊரில் என்னென்ன கண்டீர்கள் என்று கேட்டா. எங்கள் ஆட்கள் பலர் இந்த இடத்தில் கூச்சப்பட்டு மழுப்புவார்கள், பிறகு "வெள்ளைக்காரி எங்களைத் தட்டிக் கழித்துவிட்டாள்" என்று கோயிலில் நின்று கதைப்பார்கள். என் கணவர் தன் தம்பி செத்ததைச் சொல்லி அழுதார். அறிக்கையில் அவ எழுதிய நல்ல வரிகள் அந்த அழுகையைப் பற்றித்தான். இரவில் கோழி வெட்டும் பக்டரி, பகலில் ஆங்கில வகுப்பு என்று நான் படித்த மொழியில், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன்.

பொலிஸ் அறிக்கையை இப்போதே யோசியுங்கள். இலங்கை மட்டும் போதாது, வரும் வழியில் மாதக்கணக்கில் தங்கிய நாடெல்லாம் கேட்பார்கள். என் கணவர் மூன்று வருஷம் ஜெர்மனியில் இருந்தவர், அங்கே அவர் பெயரில் ஒரு எழுத்துக் குறைவு. அந்த ஒரு எழுத்துக்காக ஐந்து மாதம், இரண்டு சத்தியக் கடதாசி. உங்கள் இருவருடைய பிறப்பு அத்தாட்சி, விவாகப் பதிவு, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் திருத்தம் போட இதுதான் நேரம். மருத்துவ அறிக்கையையும் பொலிஸ் அறிக்கையையும் மட்டும் கேட்கும்போது எடுங்கள், அவை காலாவதியாகும்.

இன்னொன்று. "ஆஸ்பத்திரியிலேயே உங்கட பேரில் பதியலாம், மட்டக்களப்பார்தானே, உங்களுக்குச் சொல்லித் தரவேணுமா" என்று யாரும் சிரித்துக்கொண்டு சொன்னால் கதவைச் சாத்துங்கள். மந்திரம் போட்டு வந்தவனைப் பாயோடு ஒட்டவைக்கிற ஊர் என்று முப்பது வருஷமாக இங்கே என் முகத்துக்கு நேரே பகிடி பண்ணுகிற கூட்டம் அது. இன்னொருத்தி பெற்றதை உங்கள் பிள்ளையாகப் பதிவது குற்றம், மரபணுச் சோதனை கேட்டால் ஒரு நாளில் வெளிக்கும், பிள்ளைதான் நடுவில் நிற்கும்.

நாங்கள் சரியான வழியில் மறுபடி தொடங்கியபோது பிள்ளையின் வயதும் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதைய இலங்கைச் சட்டத்தில் பதினான்கு வயதுக்குக் குறைந்தவரைத்தான் மகவேற்கலாம் என்றிருந்தது, பத்து வயது தாண்டினால் பிள்ளையின் சம்மதமும் வேண்டியிருந்தது. தகப்பனைக் கண்டுபிடிக்க முடியாது என்று கோட்டுக்குக் காட்டினால் அவருடைய சம்மதம் இல்லாமலும் கட்டளை தரலாம். அதைக் காட்ட எங்களிடம் இருந்தது தங்கச்சியின் மைலோ டின் ஒன்று. அதற்குள் பொலிசில் போட்ட முறைப்பாடு, செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதி, கிராம சேவகரான விதானையாரின் உறுதிக் கடிதம், எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தாள். பத்து வருஷம், ஒரு ஈரம் படவில்லை.

2003 கார்த்திகையில் கட்டளை வந்தது. மகள் பதினான்கைத் தொட நாலு மாதம் இருந்தது. விரும்பிப் போகிறாயா என்று நீதிபதி கேட்டபோது "பெரியம்மாவோட போறன்" என்று சத்தமாகச் சொன்னாள். அடுத்த ஆடியில் இங்கே வந்தாள். டின்னையும் மடியில் வைத்துக்கொண்டுதான் பிளேனில் இருந்தாளாம்.

அந்த மார்கழியில் கடல் வந்து நாவலடி வீட்டை அத்திவாரத்தோடு கொண்டுபோனது. தங்கச்சியின் படம், கல்யாண அல்பம், பள்ளிக்கூடச் சான்றிதழ் ஒன்றும் மிஞ்சவில்லை. மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். போன மாதம் மூத்தவன் பள்ளிக்கூடத்துக்குக் குடும்ப மரம் வரைய வேண்டும் என்று வந்து நின்றான். அவள் அலுமாரியைத் திறந்து அந்த டின்னை எடுத்து, பொலிஸ் முறைப்பாட்டில் இருந்த தகப்பனின் முழுப் பெயரை அவனுக்கு எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினாள்.