5 நிமிடப் பேச்சுக்கு எத்தனை பக்கம் எழுத வேண்டும்?

மகளுக்குப் பாடசாலையில் மலையகத் தமிழர் வரலாறு பற்றி 5 நிமிடப் பேச்சு, எத்தனை பக்கம் எழுதிக் கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறக்குறைய 350 சொல் போதும். கையெழுத்துக்குக் கையெழுத்து பக்கம் மாறும், அதனால் வரியை எண்ணுங்கள். வரிக்கு 6 சொல் என்றால் 58 வரி, சீஆர் கொப்பியில் (பெரிய அளவுக் கொப்பி) இரண்டு, இரண்டரைப் பக்கம்.

மேடையில் நிதானமாகப் பேசும் பிள்ளை நிமிடத்துக்கு 80 முதல் 100 சொல் சொல்லும். 130, 150 என்று இணையத்தில் கிடப்பது ஆங்கிலக் கணக்கு. தமிழில் உருபும் துணைவினையும் ஒட்டிக்கொண்டு வருவதால் சொற்கள் நீளம், எண்ணிக்கை குறையும்.

90 என்றே வைத்தால் 5 நிமிடத்துக்கு 450 வரவேண்டுமே என்பீர்கள். 300 செக்கனும் பேச்சுக்குக் கிடைக்காது. "மதிப்புக்குரிய அதிபர் அவர்களே, நடுவர்களே" என்ற விளிப்புக்கு 25 செக்கன் போகும். கடைசி மணிக்கு முன் 20 செக்கன் கையிருப்பு வேண்டும். பந்திக்குப் பந்தி மூச்சு வாங்க, கைதட்டலுக்குக் காத்திருக்க இன்னொரு 25. மீதி 230 செக்கன், அதற்கு 345 சொல். குறள் சேர்த்தால் இன்னும் குறையுங்கள். ஏழு சீர்தான், ஆனால் நிறுத்திச் சொன்னால் 10 செக்கன் எடுக்கும்.

இந்தத் தலைப்பில் நேரத்தைத் தின்பது இலக்கங்கள். "1964 ஒக்டோபர் 30" தாளில் மூன்று சொல். வாயில் "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்காம் ஆண்டு ஒக்டோபர் முப்பதாம் திகதி" என்று எட்டுச் சொல். அதனோடு, மலையகத் தமிழரை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரின் முடிவு பிறகு என்று எல்லாவற்றையும் அடுக்கினால் அரை நிமிடம் காலி, பிள்ளையும் தடுக்கி நிற்கும். திகதியை விட்டு ஆண்டை மட்டும் சொல்லட்டும். முடிவே எடுக்காமல் ஒதுக்கிவைத்த அந்த ஒன்றரை இலட்சத்தை மட்டும் வைத்திருங்கள், கேட்பவர் மனதில் அதுதான் நிற்கும். அவர்களை நாடற்றவர்களாக்கிய 1948 குடியுரிமைச் சட்டத்தின் இலக்கமும் வேண்டாம். இலக்கங்களை எழுத்தில் எழுதிக் கொடுத்தால்தான் சொற்கணக்கும் சரிவரும்.

எழுதியதும் மகளை எழுந்து நின்று, மேடையில் பேசும் குரலில் வாசிக்கச் சொல்லுங்கள். ஃபோனில் ஒரு நிமிடம் வைத்து, நின்ற இடத்தில் கோடு போட்டு, அதுவரை உள்ள சொற்களை எண்ணினால் அவளுடைய சொந்த வேகம் தெரிந்துவிடும். உட்கார்ந்தோ மனதுக்குள்ளோ வாசித்துப் பார்த்த நேரம் உதவாது, அது எப்போதும் குறைவாகவே காட்டும். மனப்பாடமான பிறகு வேகம் கூடும் என்பதால் அப்போதும் ஒருமுறை அளக்க வேண்டும். பயத்தில் ஓடுகிற பிள்ளைக்காகக் கூடுதலாக எழுதாதீர்கள், நிறுத்த வேண்டிய இடங்களில் சிவப்புக் கோடு போட்டுக் கொடுங்கள். மைதானத்தில் கோன் ஸ்பீக்கர் என்றால் எதிர் மலையில் பட்டுக் குரல் திரும்பி வரும், அதற்காக இன்னும் 30 சொல் குறைக்கலாம். தகரக் கூரை மண்டபத்தில் மழை பிடித்தாலும் இதே கதைதான்.

பேச்சு உணர்ச்சியில் வரவேண்டும், கடிகாரம் வைத்து எழுதலாமா என்று சிலர் சண்டைக்கு வரலாம். முதல் மணி அடித்ததும் பதறிப்போய் முடிவுரையை விழுங்கும் பிள்ளைக்கு எந்த உணர்ச்சியும் உதவாது. போட்டி என்றால் சுற்றறிக்கையில் உள்ள நேரமே சட்டம், கூடினாலும் குறைந்தாலும் புள்ளி போகுமா என்பதை முதலில் பாருங்கள்.

பரிசளிப்பு விழா என்றால் வேறு பிரச்சினை. அதிதி ஒரு மணி நேரம் பிந்தி வருவார், பொன்னாடைகள் முடியவே மதியமாகிவிடும், பிறகு பிள்ளையிடம் மட்டும் "இரண்டு நிமிடத்தில் முடி" என்று சீட்டு வரும். மாதக்கணக்கில் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இதைச் செய்வது பெரிய அநியாயம், பெரியவர்கள் யாரும் தங்கள் பேச்சை வெட்டுவதில்லை. அதனால் எழுதும்போதே நடுப்பந்திகள் இரண்டை ஒன்றையொன்று சாராமல் எழுதி, பென்சிலால் கட்டம் போட்டுவிடுங்கள். சீட்டு வந்தால் அவற்றைத் தாண்டி நேரே முடிவுரைக்குப் போகலாம். முடிவுரையை முதலில் மனப்பாடம் செய்ய வையுங்கள். அதன் முதல் வரி "ஆகவே" என்றோ "இதனால்தான்" என்றோ தொடங்கக் கூடாது, முன்னால் எந்தப் பந்தி வந்தாலும் பொருந்த வேண்டும்.