முதல் பக்கம் காலியாகவே இருக்கிறதா? நடுவிலிருந்து தொடங்குங்கள்

ஸ்கிராப்புக் (படங்களும் நினைவுக் குறிப்புகளும் ஒட்டி அலங்கரிக்கும் ஆல்பம்) செய்ய ஆல்பம், தாள், ஸ்டிக்கர் எல்லாம் வாங்கிவிட்டீர்கள், ஆனால் தாத்தாவின் ஒரே பழைய படத்தை ஒட்டிக் கெடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் ஒரு பக்கம்கூட ஆரம்பிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பயம் நியாயமானதுதான், அந்தப் படத்தை ஒட்டவே ஒட்டாதீர்கள். 600 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து அச்சிட்ட நகலை ஒட்டுங்கள், மூலப்படம் உறைக்குள் பத்திரமாக இருக்கட்டும். நகல் கெட்டால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தாலே கை இளகிவிடும்.

தாளும் பசையும் அமிலமில்லாதவையா என்று பாருங்கள், தாளில் லிக்னினும் (மரத்தில் இயற்கையாக இருக்கும் ஒரு பொருள்) இருக்கக்கூடாது. செய்தித்தாள் சீக்கிரம் பழுப்பாகிப் பொடிவது இந்த இரண்டாலும்தான், அமிலம் பக்கத்தில் உள்ள படத்துக்கும் பரவும். பிளாஸ்டிக் உறை பிவிசி வேண்டாம், பாலிபுரோப்பிலீன் நல்லது. கடை ரசீது மாதிரி வெப்பத்தில் அச்சாகும் தாள் நாளடைவில் வெளுத்துவிடும், அதையும் நகலெடுத்தே ஒட்டுங்கள்.

அப்புறம், முதல் பக்கத்தைத் தொடாதீர்கள். எல்லாருக்கும் அங்கேதான் கை நடுங்கும். ஆல்பத்தின் நடுவில் ஒரு தாளைப் பிரித்து, சமீபத்தில் எடுத்த சாதாரணமான 2, 3 படங்களை ஒட்டாமல் அடுக்கிப் பாருங்கள், ஒரு நாள் அப்படியே விட்டு, மறுநாளும் பிடித்திருந்தால் ஒட்டுங்கள். ஸ்டிக்கர் குறைவாக இருக்கட்டும், எழுத்து நிறைய இருக்கட்டும். யார், எங்கே, எந்த வருடம், அன்று என்ன பேசினோம் என்பதை நிறமி மை (பிக்மென்ட் இங்க்) பேனாவால் உங்கள் கையெழுத்திலேயே எழுதுங்கள். கையெழுத்து அழகாக இல்லையென்றாலும் பரவாயில்லை, தாத்தா எழுதிய ஒரு வரி இப்போது கிடைத்தால் அதன் அழகையா பார்ப்பீர்கள்?