கணினிக் கேள்வி பதில்: அலுவலகக் கணினி ஊழியர்களை மட்டும் ஏன் மறுக்கிறது?

கேள்வி: பாளையங்கோட்டையில் வரி ஆலோசனை அலுவலகம் நடத்தி வருகிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், அலுவலகக் கணினிகளை விண்டோஸ் 11 புரோவுக்கு மாற்றினோம். அம்பாசமுத்திரத்திலும் சேரன்மகாதேவியிலும் இருக்கும் ஊழியர்கள், வி.பி.என். (இணையத்தின் ஊடே அலுவலக வலையமைப்புக்குள் வரும் பாதுகாப்பான தனிவழி) வழியாக ரிமோட் டெஸ்க்டாப்பில் இங்குள்ள கணினிகளைத் திறந்து வேலை பார்ப்பது வழக்கம். இப்போது என் பெயரில் நுழைந்தால் திறக்கிறது. அவர்கள் நுழைந்தால், தொலைவிலிருந்து நுழைய இந்தக் கணக்கிற்கு அனுமதி இல்லை என்று வருகிறது. “போன வாரம் வரைக்கும் இதே பாஸ்வேர்டுதானே அண்ணாச்சி போட்டேன்” என்கிறார்கள். கணினியை மாற்றிக் கொடுத்தவரோ, எல்லாருடைய கணக்கையும் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்கிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார். அப்படிச் செய்யலாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: செய்தால் நுழைய முடியும் என்பது உண்மை, ஆனாலும் செய்யாதீர்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் இருப்பவர் எந்த மென்பொருளையும் நிறுவலாம், மற்றவர்களின் கோப்புகளைத் திறக்கலாம், பாதுகாப்பு மென்பொருளையே நிறுத்தலாம். ஓர் ஊழியர் தவறுதலாக ஒரு மின்னஞ்சல் இணைப்பைத் திறந்துவிட்டால், அதில் ஒளிந்து வரும் நச்சுநிரலும் அதே அதிகாரத்தைக் கைப்பற்றப் பார்க்கும். வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் வங்கி விவரமும் இருக்கும் கணினியில், நுழைவு அனுமதி என்ற சிறு தேவைக்காக முழு அதிகாரத்தையும் தூக்கிக் கொடுப்பது சோம்பல் வைத்தியம்.

நீங்கள் குறிப்பிடும் செய்தியே பாதிச் சிக்கலை அவிழ்த்துவிடுகிறது. வலையமைப்பில் கோளாறு என்றால் கணினியோடு தொடர்பு கொள்ள முடியவில்லை என்று வந்திருக்கும். கடவுச்சொல் தவறு என்றால் அதையே சொல்லியிருக்கும். அனுமதி இல்லை என்று வருவதால், விண்டோஸ் அந்த ஊழியரை அடையாளம் கண்டுகொண்டுவிட்டது, ஆனால் இந்த வழியாக நுழையும் உரிமை அவருக்கு இருப்பதாக அதன் பதிவில் இல்லை என்று பொருள். எனவே ரவுட்டரையோ ஃபயர்வாலையோ யாரும் தொட வேண்டியதில்லை.

அந்த உரிமை இயல்பாக இரண்டு குழுக்களுக்கு மட்டுமே உண்டு: ஒன்று அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், மற்றொன்று ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ். பழைய கணினியில் யாரோ உங்கள் ஊழியர்களை இரண்டாவது குழுவில் சேர்த்திருப்பார். விண்டோஸ் 10-இன் மேலேயே 11-ஐ ஏற்றியிருந்தால் அந்தப் பட்டியல் பெரும்பாலும் அப்படியே இருந்திருக்கும். வட்டைத் துடைத்துப் புதிதாக நிறுவியிருந்தாலோ, புதுக் கணினியே வாங்கியிருந்தாலோ, கணக்குகளை அதே பெயரில் மீண்டும் உருவாக்கியிருந்தாலும் குழு காலியாகத்தான் இருக்கும். உங்கள் அலுவலகத்தில் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ரிமோட் டெஸ்க்டாப் என்று சென்று, கீழே உள்ள ‘ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ்’ என்ற வரியைச் சொடுக்குங்கள். சிறிய பெட்டி ஒன்று திறக்கும். அதன் பட்டியல் வெறுமையாக இருக்க, அடியில் உங்கள் பெயரைக் குறிப்பிட்டு, இவருக்கு ஏற்கெனவே அனுமதி உள்ளது என்று ஒரு வரி மட்டும் தெரியும். நீங்கள் நுழைய முடிந்ததற்கும் அவர்கள் நுழைய முடியாததற்கும் விடை அங்கேயே இருக்கிறது. ‘ஆட்’ பொத்தானை அழுத்தி, ஊழியரின் கணக்குப் பெயரைத் தட்டி, ‘செக் நேம்ஸ்’ கொடுத்துப் பெயர் அடிக்கோட்டுடன் மாறுகிறதா என்று பார்த்து, ஓகே கொடுத்தால் போதும். அவரவர் பயன்படுத்தும் கணினியில் அவரவரை மட்டும் சேருங்கள். எல்லாக் கணினியிலும் எல்லாரையும் சேர்ப்பது தேவையற்றது. பட்டியலில் பெயருக்குப் பதிலாக எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் தென்பட்டால், அது பெரும்பாலும் நீக்கப்பட்ட பழைய கணக்கின் எச்சம். விண்டோஸ் ஒரு கணக்கை அதன் பெயரால் அல்லாமல் அந்த எண்ணால்தான் அறிகிறது என்பதால், அதை நீக்கிவிட்டுப் புதிய கணக்கைச் சேருங்கள்.

சேர்த்த பிறகும் மறுத்தால், ‘லோக்கல் செக்யூரிட்டி பாலிசி’யைத் திறந்து, ‘லோக்கல் பாலிசீஸ்’, ‘யூசர் ரைட்ஸ் அசைன்மென்ட்’ என்று செல்லுங்கள். ‘அலவ் லாக் ஆன் த்ரூ ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்’ என்ற வரியில் மேற்சொன்ன இரு குழுக்களும் இருக்க வேண்டும். அதே சொற்களுடன் ‘டினை’ என்று தொடங்கும் வரியில் ஊழியரோ, அவர் சார்ந்த குழுவோ இருக்கக் கூடாது. இரண்டிலும் ஒருவர் இருந்தால் மறுப்பே வெல்லும். அலுவலகத்தில் சர்வர் வைத்துக் கணினிகளை டொமைனில், அதாவது சர்வரிலிருந்தே எல்லாக் கணினிகளையும் நிர்வகிக்கும் அமைப்பில் இணைத்திருந்தால் இன்னொரு சங்கடம் உண்டு: நீங்கள் காலையில் சரி செய்தது மதியத்துக்குள் பழையபடி ஆகிவிடலாம். ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு முறை சர்வரின் குரூப் பாலிசி (எல்லாக் கணினிகளுக்குமான பொது விதித்தொகுப்பு) புதுப்பிக்கப்படும் என்பதால், அதில் எழுதியிருப்பதே நிலைக்கும். அங்கேதான் திருத்த வேண்டும்.

எதற்கும் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். விண்டோஸ் 11 புரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை பார்க்க முடியும். பாளையங்கோட்டையில் ஒருவர் அமர்ந்திருக்கும் கணினியில் அம்பாசமுத்திரத்திலிருந்து வேறொருவர் நுழைய முயன்றால், அமர்ந்திருப்பவரிடம் அனுமதி கேட்கும். 30 வினாடிக்குள் அவர் பதில் சொல்லாவிட்டால் அவருடைய இணைப்பைத் துண்டித்துவிடும். தேநீர் குடிக்க எழுந்து போனவர் திரும்பி வந்து கணினி கெட்டுவிட்டது என்று புகார் சொல்ல வாய்ப்பிருக்கிறது.

கேள்வி: விண்டோஸ் 11-க்கு மேம்படுத்திய அலுவலகக் கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்திருக்கிறேன். நேரில் அமர்ந்து பின் எண்ணைத் தட்டினால் திறக்கிறது. வீட்டிலிருந்து அதே எண்ணைக் கொடுத்தால் தவறு என்கிறது. குழுவில் என் பெயர் இருக்கிறது.
– வாசகி, வள்ளியூர்

பதில்: பின் எண் அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது, ரிமோட் டெஸ்க்டாப் கேட்பது கணக்கின் கடவுச்சொல்லை. அதைக் கொடுத்தும் மறுத்தால், புதிய விண்டோஸில் நீங்கள் ஒரு முறைகூடக் கடவுச்சொல்லால் நுழையாததே காரணமாக இருக்கலாம். அலுவலகக் கணினியில் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் என்று சென்று, மைக்ரோசாஃப்ட் கணக்குகளுக்கு விண்டோஸ் ஹலோ (பின் எண், முகம், கைரேகையால் நுழையும் முறை) மட்டுமே போதும் என்ற தெரிவை அணைத்துவிட்டு, ஒரு முறை கடவுச்சொல்லால் நுழையுங்கள். பின்னர் வீட்டிலிருந்து, பயனர் பெயருக்கான இடத்தில் மின்னஞ்சல் முகவரியை முழுதாக எழுதுங்கள். கடவுச்சொல்லே வைக்காத உள்ளூர்க் கணக்கு என்றால், விண்டோஸின் இயல்பான அமைப்பில் அது தொலைவிலிருந்து திறக்காது.

கேள்வி: எங்கள் கடைக் கணினியில் விண்டோஸ் 11 ஹோம் இருக்கிறது. ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ் என்ற வரியே தென்படவில்லையே?
– வாசகர், தென்காசி

பதில்: ஹோம் பதிப்பிலிருந்து மற்றக் கணினிகளுக்குள் நுழையலாம்; ஹோம் கணினிக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பால் யாரும் நுழைய முடியாது. புரோ பதிப்புக்கு உரிமம் வாங்குவதே நேர்வழி. வாங்கிய பிறகு, இணைப்பு எளிதாகக் கிடைக்கும் என்று யாராவது சொன்னாலும், ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான வாயிலான 3389 என்ற போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். பாளையங்கோட்டை வாசகரைப் போல வி.பி.என். வழியாகவே இணையுங்கள்.