செட்டு கலைந்த வீடு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் தொண்டிப் பக்கம். வைகாசியில் அம்மன் கோயில் முளைப்பாரித் திருவிழாவுக்கு மூன்று தலைமுறையாக ஒரே குடும்பத்தின் நையாண்டி மேளம்தான். அப்பா நாதசுவரம், சித்தப்பா தவில், பிள்ளைகள் பம்பையும் உறுமியும். இந்த வருடம் பிள்ளைகள் இருவரும் வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள். செண்டை மேளம் பேசலாம் என்கிறார்கள் ஊரில். இந்தப் பையன்களுக்குக் கலையின் அருமை தெரியவில்லையே?

– தொண்டி வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அருமை அவர்களுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். கணக்கும் தெரியும்.

நாதசுவரமும் தவிலும் இரண்டிரண்டு, பம்பை, உறுமி, தாளம் என்று ஒரு செட்டுக்கு ஆறேழு பேர் வேண்டும். வெளியாள் என்றால் தலைக்கு இவ்வளவு என்று கூலி. சொந்தப் பிள்ளைக்குச் சாப்பாடும் தீபாவளிச் சட்டையும் போதும். அதனால்தான் ஊர் கொடுத்த தொகைக்குள் இத்தனை காலம் ஆட்டம் நடந்தது. கல்யாணமாகித் தனி அடுப்பு வைத்தவன் பங்கு கேட்கத்தானே செய்வான்? பிரிக்க உட்காரும்போதுதான் பிரிப்பதற்கு ஒன்றுமில்லை என்று தெரியவரும்.

சீசன் என்பது பங்குனியிலிருந்து ஆடிவரை. உங்கள் கரையிலோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். உங்கள் வைகாசித் திருவிழாவும் அதற்குள்தான் வருகிறது. படகு கரையில் நிற்கும்போது வரிப்பணம் குறையும். குறைந்தால் சீரியல் விளக்கில் கை வைக்க மாட்டார்கள், மேளத்தில்தான் வைப்பார்கள். 2020 ஊரடங்கும் சரியாகப் பங்குனியில் வந்து விழுந்தது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007இலேயே வந்துவிட்டது, நல்ல காரியம். ஆனால் வாரியம் உதவித்தொகை தரும், கச்சேரி பேசித் தராது.

இன்னொன்று. சாமிக்கு முன்னால் விடிய விடிய ஊதியவரைப் பந்தியில் தள்ளி உட்கார வைக்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. உங்கள் ஊரில் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை.

சரி, செண்டை மேளத்துக்கு வண்டி வாடகையோடு கொடுக்கத் தயாராக இருக்கும் தொகையை அந்த அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். பம்பைக்கும் உறுமிக்கும் முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்திலிருந்து ஆள் சேர்த்துக்கொள்வார். அச்சாரத்தைத் தையிலேயே கொடுத்துவிடுங்கள். தேதி முன்னமே தெரிந்தால் ஒரு பையனாவது லீவு கேட்டுப் பார்ப்பான். வந்தால் அவனுக்கும் தனியாகக் கூலி பேசுங்கள்.